பதினேழாவது போர்ட்

ஒன்பது முடிந்துவிட்டது, பத்து ஓடுகிறது. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் நாற்பது விநாடி, அதற்கு மேல் ஒரு விநாடி எடுத்துக்கொள்வதில்லை, என்ன ஒழுக்கம், என்ன சமத்து. நான் செய்தால் ஒன்றுக்கு இருபது நிமிஷம் ஆகும் என்று போன மாதம் கூட்டத்தில், இந்த ஸ்கிரிப்டைக் கொண்டுவந்த நிரஞ்சன் சொன்னான். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, சுவரில் ஓடிய படத்தைப் பார்த்துச் சொன்னான், அதுதான் இன்னும் எரிகிறது. இருபது இல்லையப்பா, பன்னிரண்டு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஊரே கறிக்கடை வரிசையில் நிற்கிற நேரத்தில், நான் இந்தக் குளிர் ஹாலில் மடக்கு ஸ்டூலைப் போட்டு ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் என் வேலையைச் செய்வதை வேடிக்கை பார்க்கிறேன். பத்து, பச்சை. பதினொன்று. இந்த டேட்டா சென்டரில் சர்வர்களை அடுக்கிய அறுபத்து நான்கு ரேக், ஒவ்வொரு ரேக்கின் தலையிலும் ஒரு அக்ஸஸ் ஸ்விட்ச், ஒவ்வொன்றிலும் ஒயர் சொருக நாற்பத்தெட்டு போர்ட். எந்த போர்ட்டில் யாருடைய ஒயர், அது எந்த நெட்வொர்க்கோடு பேசலாம், எதோடு பேசக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும். பதினான்கு வருஷமாக நான் தட்டித் தட்டிச் சொல்லித்தந்தேன். இன்றைக்கு ஸ்கிரிப்ட் ஒரு ஷீட்டைப் படித்துத் தானே சொல்லித்தருகிறது. ஷீட்டில் இருப்பது இருக்கும், ஷீட்டில் இல்லாத போர்ட்டை மூடிவிடும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. நாற்பத்தொன்றாவது ஸ்விட்சின் பதினேழாவது போர்ட் ஷீட்டில் இல்லை. அந்த போர்ட்டில் ஓர் ஆம்புலன்ஸ் கம்பெனிக்கு வருகிற போன் கால்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷீட்டைத் தயாரித்தது நான்தான்.

பதின்மூன்று. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கும், கொஞ்சம் கூடவே இருக்கும், அதற்குள் என்ன, ஒன்றும் அவசரமில்லை. மின்விசிறிகளின் இரைச்சலில் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. முழங்கால் விறைத்துப்போய்விட்டது. ஞாபகம் ஒரு ரிஸ்க் மேடம். அப்படித்தான் நிரஞ்சன் சொன்னான். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த அறையில், டீ வந்த நேரத்தில், சிரித்துக்கொண்டே. நான் என்ன கேட்டேன்? சில போர்ட்டுகள் அவசரத்தில் மாற்றப்பட்டவை, எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்னால் என்னோடு ஒருமுறை உட்காருங்கள் என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில். ஒரு சிஸ்டம் ஒரு ஆளோட ஞாபகத்துல ஓடக்கூடாது, அந்த ஆள் நாளைக்கு இல்லைன்னா என்ன ஆகும், ஞாபகம் ஒரு ரிஸ்க் மேடம், அதனாலதான் இதையே செய்யறோம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வெட்கங்கெட்டு. அவன் சொன்னது தப்பா? தப்பில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சரியானதை, என்னை ஒரு பழைய ஒயர் மாதிரி சுருட்டி ஓரம் வைத்துக்கொண்டே சொல்கிறவனை என்ன செய்வது? பதினான்கு, பச்சை. பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். திருச்சி ஜங்ஷனில் எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம், கேளுங்க, எதை வேணும்னாலும் கேளுங்க என்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பேன். ஒன்றுகூடத் தப்பாது. அன்றைக்கு அது சாமர்த்தியம், நாற்பத்தாறு வயதில் அதுவே ரிஸ்க். பதினைந்து.

அந்தப் பதினேழாவது போர்ட்டில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. நெயில் பாலிஷ். இந்தப் பழக்கம் எங்கள் டீமுக்கு மட்டும்தான் உண்டு, வேறு எந்த டேட்டா சென்டரிலும் இருக்காது. அனுமதி வாங்க நேரமில்லாமல் அவசரத்தில் ஒயரை மாற்றினால், அந்த போர்ட்டின் தலைமேல் என் கைப்பையில் இருக்கும் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்போம். தொடாதே, வைத்தவரைக் கேள் என்று அர்த்தம். ஆரம்பித்து வைத்தது அப்போது என்னோடு வேலை பார்த்த ஜெபராஜ். இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், தினமும் காலையில் பூப்படம் போட்டு குட்மார்னிங் அனுப்புகிறான், மற்றபடி நல்ல மனுஷன். பெருமழை வந்த வருஷம், பக்கத்துக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த ஆம்புலன்ஸ்காரர்களின் ஸ்விட்ச் அணைந்துவிட்டது. அந்த மழையில்தான் ஊரே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஜெபராஜும் நானும் முழங்கால் தண்ணீரில் ஒயர்ச் சுருளை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கட்டிடத்துக்கும் நடுவே அதை இழுத்துவந்து, கிடைத்த காலி போர்ட்டில் சொருகினோம். நாற்பத்தொன்று, பதினேழு. வேறு ஒரு துணிக்கடைக் கம்பெனியின் ஸ்விட்ச் அது. நெட்வொர்க் நம்பரை நான் தட்டினேன், விரலில் ஈரம், இரண்டு முறை தப்பாக விழுந்தது, மூன்றாவது முறை பச்சை விளக்கு எரிந்தது. உடனே போன் மணி அடிக்க ஆரம்பித்திருக்கும் அங்கே. எங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் விளக்கு துடித்த வேகத்தில் தெரிந்தது. ஜெபராஜ் தரையில் உட்கார்ந்து அழுதான். நான் பொட்டு வைத்தேன். மூன்று நாளைக்கு என்று சொன்ன ஒயர் ஒன்பது வருஷமாக அங்கேயே இருக்கிறது. யார் எடுப்பார்கள், எடுத்தால் எங்கே வைப்பார்கள், நன்றாக ஓடுகிறதைத் தொடாதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். இருபது. இருபத்தொன்று. பச்சை, பச்சை.

அப்படியென்றால் ஏன் எழுதவில்லை என்று யாராவது கேட்டால்? யார் கேட்கப் போகிறார்கள். ஷீட்டை ஐந்து வாரம் தயாரித்தேன். ஏணி போட்டு ஏறி, கழுத்து வளைந்து, ஒவ்வொரு போர்ட்டாக, மூவாயிரத்து எழுபத்திரண்டு வரி. சிவப்புப் பொட்டு மொத்தம் ஒன்பது இருந்தது. எட்டை எழுதினேன். நாற்பத்தொன்றுக்கு வந்தேன், பதினாறு எழுதினேன், பதினேழில் விரல் நின்றது. அந்தக் கூட்டம் நடந்த மறுநாள் அது. ஞாபகம் ரிஸ்க் என்கிறாயே, சரி, என் ஞாபகம் உனக்கு வேண்டாம், வைத்துக்கொள் உன் ஷீட்டை என்று நினைத்தேன். நினைத்துவிட்டு பதினெட்டை எழுதினேன். இவ்வளவுதான் நடந்தது. கீழே இறங்கி டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. ஆம்புலன்ஸ் நின்றுபோகட்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. என் கணக்கு வேறு. போர்ட் மூடும், எங்கேயோ அலாரம் அடிக்கும், நிரஞ்சன் தலை கால் புரியாமல் ஷீட்டைப் புரட்டுவான், நான் எழுந்து போய் என் பாஸ்வேர்டைத் தட்டி, ஸ்விட்சுக்குள் கையால் நுழைந்து ஒரே நிமிஷத்தில் திறந்துவிடுவேன். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எப்படி மேடம் தெரியும் என்பார்கள். ஞாபகம் இருந்தது என்று சொல்வேன், அவ்வளவுதான், சிரிக்கக்கூட மாட்டேன். இந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன், பஸ்ஸில், குளிக்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது. நேற்று மாலை ஆறு மணிக்கு ஒரு மெயில் வந்தது. இன்று முதல் எந்த ஸ்விட்சிலும் யாரும் கையால் நுழைய முடியாது, எல்லா மாற்றமும் ஸ்கிரிப்ட் வழியாகத்தான், இருவர் ஒப்புதலோடு. என் பாஸ்வேர்டைப் பிடுங்கிவிட்டார்கள். பதினான்கு வருஷத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மெயிலின் நான்காவது வரியில். இப்போது அந்த போர்ட் மூடினால் ஷீட்டைத் திருத்தி, ஒப்புதல் வாங்கி, ஸ்கிரிப்ட் இந்த அறுபத்து நான்கையும் முடித்த பிறகு மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு நிமிஷம் இல்லை. ஒரு மணி நேரம், எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

இருபத்தாறு. நேற்றே சொல்லியிருக்கலாம். மெயிலைப் பார்த்த உடனே போனை எடுத்தேன், அவன் பெயர்வரை போய்விட்டு கீழே வைத்தேன். என்னவென்று சொல்வது? ஒரு வரி விட்டுப்போச்சு என்றால், பார்த்தீங்களா மேடம், இதுக்குத்தான் ஆட்டோமேஷன் என்பான். வேண்டுமென்றே விட்டேன் என்றால் வேலை போய்விடும். போகட்டும் என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வேறு வழி இருக்கும், யாராவது ஒரே ஒரு போர்ட்டை நம்பி இருப்பார்களா, மாற்று லைன் வாங்கியிருப்பார்கள், ஒன்பது வருஷமாயிற்றே. வாங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இங்கே எந்த ஒயர் வந்தாலும் எனக்குத் தெரியும். வரவில்லை. இருபத்தேழு. எனக்கு இவர்கள்மேல் கோபம், அவ்வளவு பேர்மேலும், தலையாட்டிய எட்டுப் பேர்மேலும், ஒன்பது வருஷமாக மாற்று லைன் வாங்காத அந்த ஆம்புலன்ஸ் முதலாளிமேலும், பூப்படம் அனுப்புகிற ஜெபராஜ்மேலும், நீ மட்டும் எப்படி மஸ்கட்டில் நிம்மதியாக இருக்கிறாய், பொட்டு வைக்கச் சொன்னது நீதானே. இருபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றேகாலுக்கு யார் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள்? எனக்கே சிரிப்பு வருகிறது. நெஞ்சுவலி ஞாயிற்றுக்கிழமை லீவு போடுமா? குளியலறையில் வழுக்கி விழுகிறவர்கள் திங்கட்கிழமை பார்த்து விழுவார்களா? முப்பது. பச்சை. நாற்பத்தொன்றுக்கும் இதே பச்சைதான் வரும், ஷீட்டில் உள்ளபடியே மூடியிருக்கிறது, சரி என்று டிக் போடும். ஸ்கிரிப்டைக் கரித்துக்கொட்டி என்ன பிரயோஜனம், அது பொய் சொல்லவில்லை.

முப்பத்து மூன்றில் அந்த ஆம்புலன்ஸ் நம்பரைக் கூப்பிட்டேன். ஏன் என்று தெரியாது. நான் அழைக்கிற அந்த அழைப்பும் இந்த ஹாலுக்குத்தான் வரும், எட்டு ரேக் தள்ளி அந்தப் பொட்டுக்குக் கீழே நுழைந்து ஓடும் என்று நினைத்துக்கொண்டே போனைக் காதில் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். ஆம்புலன்ஸ் சேவை, சொல்லுங்க, எந்த ஏரியா. எனக்கு வாய் வரவில்லை. பின்னால் இரைச்சல் கேட்டிருக்கும், என்ன சத்தம்ங்க அது, ஜெனரேட்டரா, ஃபேக்டரியா என்று கேட்டாள். வைத்துவிடுவாள் என்று பார்த்தேன், திட்டிவிட்டு வைத்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வைக்கவில்லை.

"பயப்படாதீங்க. பேச முடியலன்னா போனை ரெண்டு தடவ தட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன், கட் பண்ண மாட்டேன்."

கட் பண்ண மாட்டேனாம். உன் லைனை வெட்டுவதற்கு இன்னும் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது, அதை வெட்டக் கத்தி எடுத்தவளே இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், நீ என்னடா என்றால் பேச முடியாதவளுக்காகக் காத்திருக்கிறாய். அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு பொறுமை, யார் கற்றுக்கொடுத்தது, உனக்கு ஒரு ஸ்கிரிப்ட் வரவில்லையா இன்னும், வரும், உன்னையும் ஒருநாள் கூட்டத்தில் உட்காரவைத்துச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்தேன். பரவால்லைங்க என்றாள். முப்பத்தைந்து ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை எனக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்குதான் இருந்தது. பச்சையாகத் துடிக்கிற ஒரு விளக்கு. ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட நான் அங்கே யார் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் நம்பர், எல்லாம் மனப்பாடம். முப்பத்தாறு. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் அவளைக் கூப்பிடுவார்கள்? பத்துப் பேர்? அதில் ஒருவராவது இரண்டு தடவை தட்டுகிற ஆளாக இருந்தால்? மணி போய்க்கொண்டே இருக்கும், அல்லது மணிகூடப் போகாது. அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன யாருமே கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நல்ல நாள் என்று நினைப்பாள். முப்பத்தேழு.

என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஸ்கிரிப்டை நிறுத்தலாம். ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அதையாவது விட்டுவைத்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் நிறுத்த. ஒரு ஸ்விட்சின் நடுவில் நிறுத்தினால் அது அரைகுறையாக நிற்கும், நாற்பத்தெட்டு போர்ட்டும் சேர்ந்து போகும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் மூன்று விநாடி, நான்கு விநாடி, அந்த இடைவெளியில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நிரஞ்சனின் திரையில் சிவப்பாக வரும், உடனே போன் செய்வான், ஏன் என்று கேட்பான். கேட்கட்டும். என்ன சொல்வேன் என்று முப்பத்தெட்டில் யோசித்தேன். முப்பத்தொன்பதில் யோசித்தேன், அவன் முகம்தான் வந்தது, சுவரைப் பார்த்துப் பேசுகிற முகம். நான் ஏன் உனக்காக நிறுத்த வேண்டும், உன் ஷீட் கிழியட்டும், உன் முதல் நாளே நாறட்டும் என்று ஒரு மனது சொல்லிக்கொண்டே இருந்தது, அது என் மனதுதான், வேறு யாரும் வந்து சொல்லவில்லை. நாற்பது. திரையில் வரி வரியாக வந்தது, இணைந்தது. பழையது சேமிக்கப்பட்டது. புதியது எழுதப்படுகிறது. ஸ்கிரிப்டை நிறுத்துகிற இரண்டு பட்டன்மேலும் இரண்டு விரலை வைத்துக்கொண்டேன். சரிபார்க்கப்படுகிறது. பச்சை விழுந்தது. அழுத்தினேன்.

திரையில் நாற்பத்தொன்றின் பெயர்கூட வரவில்லை. எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன், முழங்கால் மடங்கவில்லை, ரேக்கின் கதவில் இடித்துக்கொண்டேன். பொட்டுக்குக் கீழே விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் போன் வந்துவிட்டது. குக்கர் சத்தமும் ஏதோ கார்ட்டூன் சத்தமுமாக நிரஞ்சன், என்ன மேடம் நாப்பதுல நின்னுடுச்சு, ஏதாவது கரண்ட் கட்டா என்று பதறினான். நான்தான் நிறுத்தினேன் என்றேன். நாற்பத்தொன்றில் பதினேழாவது போர்ட் ஷீட்டில் இல்லை, ஆம்புலன்ஸ் கால் எல்லாம் அதில்தான் வருகிறது, மூடினால் அவர்களுக்கு வேறு லைன் கிடையாது என்றேன். அறைக்கதவை மூடிக்கொண்டான் போலிருக்கிறது, சத்தம் அடங்கியது. அவன் குரல் இறங்கியிருந்தது. ஐயோ மேடம் என்றான். நீங்க இல்லன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும், நான் எல்லாருக்கும் மெயில் போடறேன், நீங்கதான் பிடிச்சீங்கன்னு போடறேன் என்றான். உண்மையாகவே சொன்னான். பஸ்ஸிலும் குளியலறையிலும் நான் ஓட்டிப் பார்த்த காட்சி இதுதான், இதைவிட நன்றாக யாராலும் நடத்தித் தர முடியாது. நான் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். அவன் ஷீட்டைத் திருத்திக்கொண்டே பேசினான், தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு ஃபார்ம் இருக்கிறதாம், வரி ஏன் விடுபட்டது என்று காரணம் போட்டால்தான் ஒப்புதல் நகருமாம்.

"மூவாயிரம் வரி மேடம், யாரா இருந்தாலும் ஒண்ணு விட்டுப்போகும். மறதின்னு போட்டுடறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

பரிவாகச் சொன்னான், பாவி. என்னை ஓரம் வைத்தபோதுகூட இவ்வளவு எரியவில்லை. மூவாயிரத்து எழுபத்திரண்டையும் இப்போதே கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன், ஒன்றுகூடத் தப்பாது, எனக்கா மறதி. அந்தப் பெண் இந்நேரம் அடுத்த போனை எடுத்திருப்பாள்.

"மறதின்னு போடாதீங்க நிரஞ்சன்," என்றேன். "எனக்கு எதுவும் மறக்கல. தெரிஞ்சுதான் அந்த வரிய விட்டேன்."

தட்டுகிற சத்தம் நின்றது. மேடம் என்றான், மறுபடியும் மேடம் என்றான். நானே ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன் என்று அவன் காத்திருந்தான்.

"எழுதுங்க," என்றேன்.